'நோகேல்லை' என்று சொன்ன மாமிக்கு

என்ரை மாமி,

உங்களுக்கு நான் எழுதுகிற முதற் கடிதம் இது. நீங்கள் இருந்த காலத்தில் எழுதவேண்டிய தேவை வரவில்லை. குசினிக்குள் நின்று நான் ஒரு சத்தம் போட்டால், கருவாட்டுப் பாய்க்குப் பக்கத்தில் இருந்தபடியே நீங்கள் மறுசத்தம் போடுவீர்கள், அலுவல் முடிந்துவிடும். இப்போது கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் நீங்கள் இல்லை. ஆனால் உங்களுக்குச் சொல்லாமல் இருக்கமுடியாத செய்தி ஒன்று என்னிடம் இருக்கிறது. நல்ல செய்தி. இழுத்தால் "விஷயத்துக்கு வா பிள்ளை" என்று ஏசுவீர்கள், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மாமா நடக்கிறார். உங்களுக்கு முறிந்த அதே இடுப்பு எலும்புதான் போன வருஷம் அவருக்கும் முறிந்தது. முறிந்த எலும்போடு எங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து பாலத்தைத் தாண்டி, அவ்வளவு தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அம்புலன்சில் போனார். வழியில் ஒருதரமும் முனகவில்லை. உங்களைப்போலப் பல்லைக் கடித்துக்கொண்டு அல்ல மாமி, உண்மையிலேயே நோகாமல் போனார். நோகாமல் செய்தது நான். இதை எழுதும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது, அதை மறைக்கப்போவதில்லை.

கோயில் மலருக்கு ஏதாவது எழுதித் தரச்சொல்லிப் பங்குச் சுவாமி கேட்டிருந்தார். இந்தக் கடிதத்தையே கொடுக்கப்போகிறேன். அதனால் உங்களுக்குத் தெரிந்த சங்கதிகளையும் கொஞ்சம் சொல்லவேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கோ.

நான் பெரியமடுப் பக்கத்து வயல்காரரின் மகள். என் அப்பாவும் அம்மாவும் மலைநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்கள், சைவக்காரர். எங்கள் சனத்துக்கு நோவு வந்தால் ஊருக்கே கேட்கும். என் அம்மா என்னைப் பெறும்போது போட்ட சத்தத்தில் பக்கத்து வளவு மாடு கயிறு அறுத்துக்கொண்டு ஓடியது என்று அப்பா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து விடத்தல்தீவுக்கு, உங்கள் மகன் ஜெறோமை விரும்பிக் கட்டி, ஒரு டொக்டராக வந்து இறங்கினேன். நீங்கள் என்னைப் பார்த்துக் கேட்ட முதற் கேள்வி, "டொக்டர் எண்டால் சரி, மீன் வெட்டத் தெரியுமோ?" தெரியாது என்றேன். கத்தியைக் கையில் தந்துவிட்டுப் பக்கத்தில் குந்தினீர்கள். அன்றைக்கே எனக்கு உங்களைப் பிடித்துப்போய்விட்டது.

என் வயிற்றில் இரண்டு பிள்ளைகள் தங்காமல் போனபோது, ஊர்ச்சனம் வாயைத் திறக்க முன்னர் நீங்கள் திறந்து அடைத்துவிட்டீர்கள். மடு மாதா கோயிலுக்குப் போய் எனக்காக முழங்காலில் நின்றதும் தெரியும். சைவக்காரியான எனக்கு அதெல்லாம் முழுதாக விளங்கவில்லை. விளங்காமல் இருந்ததுதான் பிறகு என்னை அடித்தது.

நீங்கள் விழுந்த அன்றைக்கு நான் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலையில் நின்றேன். வலையில் கால் தடக்கி விழுந்திருந்தீர்கள். இடதுகால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தது. படம் எடுக்க முன்னரே இடுப்பு எலும்பு முறிந்தது எனக்குத் தெரிந்துவிட்டது. "நோகுதா மாமி?" என்று கேட்டேன். "நோகேல்லை பிள்ளை." மறுபடி கேட்டேன். "சொல்லுறன் எல்லே, நோகேல்லை." பத்துக்கு எத்தனை நோவு என்று வழக்கம்போல இலக்கம் கேட்டேன். "பூச்சியம் போடு" என்றீர்கள்.

நான் பூச்சியம் போட்டேன் மாமி. என் கையாலேயே எழுதினேன். வயதுபோனவர்களுக்குச் சிலவேளை நோவு குறைவாகத் தெரியும் என்று எங்கேயோ படித்ததை நினைத்துக்கொண்டேன். உங்களுக்கு ஏற்கெனவே நெஞ்சு இழுப்பு, பலத்த மருந்து கொடுத்தால் மூச்சு மந்தப்படுமே என்ற பயமும் இருந்தது. நீங்களே நோகவில்லை என்று சொன்னது எனக்கு வசதியாகவும் போய்விட்டது. இரண்டு பனடோல் தந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பினேன். நீங்கள் இருமாமல், ஆழ மூச்சு எடுக்காமல், அசையாமல் கிடந்தீர்கள். ஒப்பரேசன் நன்றாகத்தான் முடிந்தது. ஆனால் நெஞ்சில் சளி கட்டிவிட்டது. இரண்டு கிழமைக்குள் உங்களைச் சேமக்காலையில் அடக்கம் செய்தோம். அப்போது எனக்கு மூன்று மாதம்.

முப்பத்தோராம் நாள் செபமும் சாப்பாடும் முடிந்து சனம் போனபிறகு, மாமா என்னைக் கூப்பிட்டுக் கதிரையில் இருக்கச் சொன்னார். "பிள்ளை, உனக்கு ஒண்டு சொல்லவேணும். அவ அந்த நோவை உனக்காண்டி ஒப்புக்குடுத்தவ. உன்ரை வயித்திலை இருக்கிறது தங்கவேணும் எண்டு. ஆருக்கும் சொல்லக்கூடாதெண்டு என்னட்டைச் சத்தியம் வாங்கினவ. அவவைக் கொண்டுவந்த வானுக்குள்ளை என்ரை கையைப் பிடிச்ச பிடி இருக்கே, நாலு நாள் வீங்கியிருந்தது."

இந்த வழக்கம் எங்கள் கரையில் எல்லா வீட்டிலும் உண்டு என்று அதன்பிறகுதான் அறிந்தேன். வந்த வேதனையை வீணாக்கக்கூடாது, ஒருவருக்காகக் கடவுளிடம் ஒப்புக்கொடுக்கவேண்டும். முனகினாலோ மருந்து கேட்டாலோ கொடுத்ததில் குறைந்துவிடும் என்பது பழைய ஆட்களின் எண்ணம். கோயிலில் அப்படி யாரும் படிப்பிக்கவில்லை, ஆனாலும் அது வீட்டுக்கு வீடு இருக்கிறது. நான் பெரியமடுவில் பிறந்தவள், எனக்கு எப்படித் தெரியும்? என் ஊரில் ஒருவர் நோகவில்லை என்றால் நோகவில்லை என்றுதான் அர்த்தம்.

எனக்குக் கோபம் வந்தது மாமி. உங்களில் கோபம், மாமாவில் கோபம், என்னில் எல்லாவற்றையும்விடக் கோபம். உங்களிடம் நான் கேட்டேனா? எனக்காக அப்படிக் கிடக்கச் சொல்லி ஒரு வார்த்தை கேட்டேனா? மாலினி பிறந்து, சிவந்த முகத்தோடு கையைக் காலை அடித்துக் கத்தியபோது சந்தோஷத்தில் அழுதேன். அழுதுகொண்டே உங்களை ஏசினேன். பிரசவ வார்டு மிஸ் எனக்கு ஏதோ பிடித்துவிட்டது என்று பயந்துபோனார்.

பிறகுதான் நரம்பை விறைக்கப்பண்ணுகிற ஊசியைப் படிக்க வெளிக்கிட்டேன். இடுப்பு எலும்பு முறிந்தால் அந்த நோவை மூளைக்குக் கொண்டுபோகிற முக்கியமான நரம்புகள் கவட்டுக்குப் பக்கத்தால் ஓடுகின்றன. ஸ்கான் மெசினில் பார்த்துக்கொண்டே அந்த இடத்தில் விறைப்பு மருந்தைப் பரவவிட்டால், நோவு அங்கேயே நின்றுவிடும். வீட்டுக்கு வருகிற தண்ணீர்க் குழாயை வாசற் படலையடியில் பூட்டுகிற மாதிரி. ஆள் முழிப்பாக இருப்பார், மூச்சு மந்தப்படாது, அரைநாளுக்கு மேல் நோவு தலைகாட்டாது. பெரிய ஆஸ்பத்திரிகளில் ஒப்பரேசன் அறையில் செய்கிற வேலை இது. அதை முறிந்து வந்து இறங்கிய கையோடு, எங்கள் அவசர சிகிச்சைப் பிரிவிலேயே செய்யவேண்டும் என்பதுதான் என் பிடிவாதம்.

மயக்கமருந்து டொக்டர் ஒருவர் லீவு நாட்களில் எனக்குச் சொல்லித் தந்தார். ஊசியின் நுனியை ஸ்கானில் தொலைக்காமல் கொண்டுபோவதுதான் கஷ்டம். பழகுவதற்கு ஜெறோம் சந்தையில் ஒரு பன்றித் தொடை வாங்கிவந்து தந்தார். ஒரு பின்னேரம் முழுக்க அதில் குத்திக் குத்திப் பழகினேன். முடிந்தபிறகு உங்கள் மகன் வந்து நின்று கேட்ட கேள்வி, "இதை இனிக் கறி வைக்கலாமோ?" நீங்கள் இருந்திருந்தால் அவருடைய தலையில் ஒரு குட்டு விழுந்திருக்கும். நான் உங்களுக்காகவும் சேர்த்துக் குட்டினேன்.

கிளினிக் இல்லாத நேரங்களில் ஸ்கான் மெசினை வாங்கிப் பாவிக்க அனுமதி கிடைத்தது. முதலில் எனக்குத் துணிவு தந்தது ஒரு கடற்தொழிலாளி. குதிக்காலில் திருக்கை முள் ஏறி, சுடுதண்ணீரில் கால் வைத்தும் அடங்காமல் துடித்துக்கொண்டு வந்தார். கணுக்காலில் நரம்பைத் தேடி மருந்து போட்டேன். கொஞ்ச நேரத்தில் துடிப்பு நின்று, காலைக் குனிந்து பார்த்து, "டொக்டர், என்ரை கால் எங்கை போட்டுது?" என்று கேட்டார். அந்த அறையே சிரித்தது. இயந்திரத்தில் விரல் நசுங்கிய ஒருவர், மணிக்கட்டு முறிந்த ஒரு ரீச்சர் என்று ஒவ்வொருவராகப் பிறகு வந்தார்கள். இடுப்பு முறிவுக்கும் மயக்கமருந்து டொக்டருக்குப் பக்கத்தில் நின்று பலதரம் செய்திருந்தேன். எங்கள் பிரிவில் தனியாக ஒருவருக்குச் செய்ய மட்டும் நேரம் வரவில்லை. வந்தபோது அது மாமாவாக இருந்தது.

போன நவம்பர், மழை விட்டுவிட்டுப் பெய்த ஒரு காலைநேரம். பூசை முடிந்து வந்து கிணற்றடியில் கால் கழுவப் போனவர் பாசியில் வழுக்கி விழுந்திருக்கிறார். ஜெறோம் பள்ளிக்கூடத்துக்குப் படிப்பிக்கப் போய்விட்டார். அயல்வீட்டார் ஒரு கதவைக் கழற்றி, அதில் கிடத்தி, வானில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள்.

மாமாவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்? விரலில் மீன்முள் ஏறினால் நாலு வீட்டுக்குக் கேட்கிற மனிசன். தடிமன் பிடித்தால், சாகக் கிடப்பவர்களுக்குச் செய்கிற அவஸ்தைப்பூசுதலுக்குச் சுவாமியைக் கூப்பிடச் சொல்கிறவர். அந்த மனிசன் கால் குட்டையாகித் திரும்பியபடி, சேட்டெல்லாம் வியர்வையில் நனைந்து, வாயை இறுக்கி மூடிக்கொண்டு கிடந்தார். எங்கள் பிரிவுத் தாதி தயாளினி மிஸ் குனிந்து, "ஐயா, நோகுதோ?" என்று கேட்டார்.

"நோகேல்லை மிஸ்."

தயாளினி மிஸ்ஸின் பேனை நோவு எழுதுகிற தாளில் பூச்சியம் போடப் போனது. "எழுதாதைங்கோ மிஸ்!" என்று நான் போட்ட சத்தத்தில் அவர் பேனையைக் கீழே விட்டுவிட்டார்.

கட்டிலுக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "மாமா, ஆருக்காண்டி?"

கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆருக்காண்டி ஒப்புக்குடுத்தனீங்கள்? சொல்லுங்கோ."

"உன்ரை மாமிக்காண்டித்தான்" என்றார். "செத்தவையின்ரை ஆத்துமாக்களுக்காண்டிச் செபிக்கிற மாதம் பிள்ளை. அவ இன்னும் மோட்சம் போகாமல் உத்தரிக்கிற ஸ்தலத்திலை நிக்கிறாவோ என்னவோ. அவக்குக் குடுக்க என்ரை கையிலை ஒண்டும் இல்லை. இது தானா வந்தது. நான் வீணாக்கமாட்டன்."

ஊசியைப் பற்றிச் சொன்னேன். என்ன செய்வேன், எங்கே போடுவேன், எவ்வளவு நேரத்தில் நோவு போகும் என்று எல்லாம் சொன்னேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். "வேண்டாம். அவ உனக்காண்டித் தாங்கினவ, மாலினி பிறந்தவள். நான் அவக்காண்டித் தாங்கினால் அவ மோட்சம் போவா."

நீங்களே சொல்லுங்கோ மாமி, இதற்கு நான் என்ன மறுமொழி சொல்வது? உங்கள் நோவு வீண் என்று சொல்ல என் வாய் வருமா? வீட்டில் என் பிள்ளை விளையாடிக்கொண்டிருக்கிறாள். பலித்தது என்று சொன்னாலோ, இந்த மனிசனை அப்படியே கிடக்க விடவேண்டும். அப்படியே விட்டால் என்ன நடக்கும் என்பதை ஒருதரம் பார்த்தவள் நான். படம் எடுக்கத் திருப்பவேண்டும், ட்ரொலிக்கு மாற்றவேண்டும், அந்த றோட்டில் குலுங்கிக் குலுங்கிப் போகவேண்டும். அவரும் இருமாமல் கிடப்பார். அவருக்கும் சளி கட்டும்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "மாமா! மாமி செத்ததே அந்த நோவாலைதான். நோவாலை இருமேலாமல் கிடந்தவ. இருமேலாமல் கிடந்துதான் சளி கட்டினது. அந்தச் சளிதான் அவவைக் கொண்டுபோனது. நீங்களும் போறதெண்டால் போங்கோ, நான் மாலினிக்கு என்ன சொல்லுறது?"

மாமாவின் கண்ணால் தண்ணீர் ஓடியது, ஆனாலும் தலையை ஆட்டுவதை அவர் நிறுத்தவில்லை. ஒரு நோயாளியைப் பார்த்து அப்படிக் கத்தியிருக்கக்கூடாது. வெட்கமாக இருந்தது. கதிரையை இழுத்துப் போட்டு அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். என்ன செய்வதென்று தெரியாமல்தான் அடுத்ததைக் கேட்டேன். "சரி, விடுங்கோ. இப்ப மாமி இஞ்சை வந்து நிண்டால் உங்களைப் பாத்து என்ன சொல்லுவா?"

மாமா யோசித்தார். முகம் கொஞ்சம் கோணியது. பிறகு உங்கள் குரலை எடுத்தார் மாமி, அச்சொட்டாக உங்கள் குரல்: "இஞ்சாருங்கோ! உங்களுக்கென்ன விசரே? தடிமனுக்கே ஊரைக் கூட்டுற மனிசன், உங்கடை நோவை நம்பியே நான் மோட்சத்து வாசல்லை காவல் நிக்கிறன்?"

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். தயாளினி மிஸ் சிரித்தார், நானும் சிரித்தேன். சிரிப்பில் மாமாவின் வயிறு குலுங்க, இடுப்பும் குலுங்கிவிட்டது.

"ஐயோ அம்மா! மாதாவே! செத்தன்!"

வெளியே வாங்கில் இருந்த சனமெல்லாம் எழும்பி எட்டிப் பார்த்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வேன்? ஒரு மனிசன் நோவில் கத்துகிறார், மருமகள் பக்கத்தில் இருந்து பல்லைக் காட்டுகிறாள். பார்த்தவர்கள் என்ன நினைத்தார்களோ. நாலு வருஷத்துக்கு முன்னர் உங்கள் வாயிலிருந்து வந்திருக்கவேண்டிய சத்தம் அது.

"போடு பிள்ளை, கெதியாப் போடு" என்றார் மாமா. "அவ ஏசினால் நான் தாங்குவன், இதைத் தாங்க ஏலாது."

சொந்தக்காரருக்கு நானே செய்வது முறையல்ல என்று எனக்குத் தெரியும். எங்களுடைய இளம் டொக்டர் இம்தியாஸும் அதையே சொன்னார். "அப்ப நீங்கள் செய்யுங்கோ" என்றேன். "நான் ரெண்டுதரம் பாத்திருக்கிறன், அவ்வளவுதான் டொக்டர்" என்று கையை விரித்தார். மயக்கமருந்து டொக்டருக்குப் போன் எடுத்தோம். இம்தியாஸ் பக்கத்தில் நிற்க, நானே செய்யச் சொன்னார். நான் வெளியே போய் நின்றேன். இம்தியாஸ் மாமாவிடம் தனியாக எல்லாவற்றையும் விளங்கப்படுத்தி, சம்மதமா என்று திரும்பவும் கேட்டார். கதவுக்கு வெளியே எனக்குக் கேட்டது மாமாவின் மறுமொழி: "தம்பி, சம்மதத்தை எத்தினை தரம் கேப்பியள்? போடச் சொல்லுங்கோ!"

கையுறை போட்டேன். மருந்து பிழையான இடத்துக்கு, இரத்தக் குழாய்க்குள் போனால் ஆபத்து. அதற்கு மாற்று மருந்தைத் தயாளினி மிஸ் தலைமாட்டில் எடுத்து வைத்தார். கவட்டுக்கு மேலே ஸ்கானை வைத்தேன். சாம்பல் நிறத்துக்குள் இரண்டு வெள்ளைக் கோடுகள் தெரிந்தன. தோலை விறைக்கப்பண்ணி, ஊசியைச் சரித்து உள்ளே விட்டேன். முதற்கோட்டைத் தாண்டியபோது ஒரு சின்னத் தட்டு விரலுக்குத் தெரிந்தது. இரண்டாவதைத் தாண்டியபோது இன்னொரு தட்டு. "இழுத்துப் பாருங்கோ இம்தியாஸ்." இழுத்துப் பார்த்தார். இரத்தம் வரவில்லை. "தள்ளுங்கோ, மெள்ள." மருந்து கோட்டுக்குக் கீழே கறுப்பாகப் பரவிக்கொண்டு போனது.

பிறகு காத்திருக்கவேண்டும். அந்த இருபது நிமிஷமும் நான் நாடியையும் பிறசரையும் பார்த்தபடி நின்றேன். மாமா செபமாலை சொல்லத் தொடங்கினார். செபமாலையில் பாதிக்கு, மூன்றாவது காரணிக்கத்துக்கு வந்தபோது அவருடைய குரல் இறங்கி, சாதாரணமாகக் கதைக்கிற குரலாகிவிட்டது. தயாளினி மிஸ் ஐஸ் துண்டைத் தொடையில் வைத்தார். "குளிருதோ ஐயா?"

"எங்கை வைச்சனீங்கள்?"

காலை மெள்ளப் பிடித்து அசைத்தேன். அவருடைய முகத்தையே பார்த்தேன். ஒன்றுமில்லை. "மாமா, இப்ப ஆழமா மூச்சு எடுத்து இருமுங்கோ." இருமினார் மாமி! நெஞ்சின் அடியிலிருந்து, ஊருக்கே கேட்க, ஒரு அருமையான இருமல். நான் அங்கேயே அழுதுவிட்டேன். தயாளினி மிஸ் கை தட்டினார். இம்தியாஸ் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். படம் எடுக்கக் கொண்டுபோய்த் திருப்பியபோது, மாமா படம் எடுக்கிறவருடன் மீன் விலை கதைத்துக்கொண்டிருந்தார்.

அம்புலன்சுக்குக் காத்திருந்தபோதுதான் அந்தக் கேள்வி வந்தது. மாமா விறைத்த தொடையைக் கையால் தட்டிப் பார்த்துக்கொண்டே கேட்டார். "இவ்வளவுதானோ பிள்ளை?"

"ஓம் மாமா, இவ்வளவுதான்."

"அப்ப இதை ஏன் அவக்குப் போடேல்லை?"

குற்றம் சாட்டுகிற குரல் அல்ல மாமி. தெரியாமல் கேட்டார். அதுதான் என்னை அறுத்தது. "எனக்கு அப்ப இது செய்யத் தெரியாது மாமா. அதைவிட, நோகேல்லை எண்டு அவ சொன்னதை நான் நம்பினனான்." அவர் தொடையைத் தட்டுவதை நிறுத்தினார். "நான் நம்பேல்லை" என்றார். "எனக்குத் தெரியும். தெரிஞ்சும் சத்தியத்தைக் காப்பாத்தினனான். விசரன்." என் தலையில் கையை வைத்தார். இரண்டுபேரும் அழுதோம். நாலு வருஷமாகத் தனித்தனியே சுமந்ததை அன்றைக்குத்தான் ஒன்றாக இறக்கினோம். அதுவரைக்கும் அவருக்குள்ளும் இது கிடந்து அரித்தது என்று எனக்குத் தெரியாது.

பாலத்தைத் தாண்டும்போது றைவரிடம், "தம்பி, ஆமை மாதிரிப் போகாமல் கொஞ்சம் மிதி" என்றாராம். மடுச் சந்தி வந்தபோது சிலுவை அடையாளம் போட்டு, மாதா பாட்டு ஒன்றைச் சுருதியில்லாமல் முழுக்கப் பாடி முடித்தாராம். கூடப்போன இம்தியாஸ் திரும்பி வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஒப்பரேசன் முடிந்த அடுத்த நாளே எழும்பி நின்றார். நெஞ்சில் ஒரு சொட்டுச் சளி இல்லை.

இன்னும் இருக்கிறது. நீங்கள் கேட்டால் இடுப்பில் கைவைத்து ஊரெல்லாம் சொல்லித் திரிவீர்கள். எங்கள் பிரிவில் நோவு எழுதுகிற தாளில் இப்போது இன்னொரு வரி சேர்ந்திருக்கிறது. எலும்பு முறிந்து வந்த ஒருவர் நோகவில்லை என்று சொன்னால், பூச்சியம் போட முன்னர் கேட்கவேண்டிய கேள்வி: "ஆருக்காண்டி ஒப்புக்குடுத்தனீங்கள்?" தயாளினி மிஸ் அதை முதன்முதல் கேட்டபோது ஒரு கிழவர் திடுக்கிட்டுப்போனார். "உங்களுக்கு ஆர் சொன்னது?" என்று கேட்டுவிட்டு, கனடாவில் இருக்கிற மகனுக்கு விசா கிடைக்கவேண்டும் என்று ஒத்துக்கொண்டார். நோவுக்கு இலக்கம் எத்தனை என்றால், "பத்துக்குப் பன்னிரண்டு மிஸ்." இம்தியாஸ் ஊசி போட்டார். என் உதவி இல்லாமல், தனியாகவே போட்டார்.

சுவாமியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் சொன்னார். ஒப்புக்கொடுங்கோ, ஆனால் டொக்டருக்கு உண்மையைச் சொல்லுங்கோ, மருந்து எடுத்ததால் கடவுள் கணக்கைக் குறைக்கிறவர் அல்ல என்று. முன்வரிசையில் இருந்த மாமா எழும்பாத குறையாகத் தலையாட்டினார். இப்போது ஊரில் யாராவது விழுந்தால் முதலில் போய் நிற்கிறது அவர்தான். "நோகுதெண்டு சொல்லு, வெக்கப்படாதை, என்ரை மருமோள் இருக்கிறாள்" என்று வீட்டுக்குள் நுழைய முன்னரே தொடங்கிவிடுவார்.

நீங்கள் தாங்கிய நோவு மாலினியைத் தந்ததா? எனக்குத் தெரியாது மாமி. நான் ஒரு டொக்டர், சைவக்காரியும்கூட. ஆனால் அவளை ஒவ்வொரு காலையும் முன்பள்ளிக்குத் தலை இழுத்துப் பின்னி அனுப்பும்போது உங்களுக்கு நன்றி சொல்லாமல் இருந்ததில்லை. அதே மூச்சில், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று ஏசாமலும் இருந்ததில்லை. உங்களைவிட எனக்குப் பிள்ளை வேண்டும் என்று நான் ஒருநாளும் நினைக்கவில்லை. இரண்டுபேரும்தான் எனக்கு வேண்டியிருந்தது.

இன்றைக்குச் சகல ஆத்துமாக்களின் திருநாள். சேமக்காலை முழுக்கச் சனம். மாமா றோட்டிலிருந்து உங்கள் கல்லறைவரைக்கும், ஈர மணலில், பொல்லை ஊன்றி நடந்தே வந்தார். நான் கை கொடுக்கப் போனேன், தட்டிவிட்டார். காற்றுக்கு அணைய அணைய விடாமல் மெழுகுதிரி கொளுத்தினார். பிறகு நான் கேட்கிறேன் என்ற கூச்சம் இல்லாமல் உங்களோடு கதைத்தார்.

"செசிலி, போன வருஷம் உனக்குப் பெரிசாத் தரத்தான் வெளிக்கிட்டனான். உன்ரை மருமோள் விடேல்லை. இந்தமுறை மெழுகுதிரி மட்டுந்தான். குறை நினையாதை."

சொல்லிவிட்டுத் திரும்பி, அடுத்த கல்லறைக்காரரோடு கதைக்கப் போய்விட்டார். நான் உங்களோடு தனியே நின்றேன். அவர் தந்த மெழுகுதிரி போதும்தானே மாமி? போதும் என்று எனக்குத் தெரியும், உங்களை எனக்குத் தெரியும்.

இப்போது நான் என்னுடைய பங்கைத் தருகிறேன். பாலத்தைத் தாண்டப்போகிற ஒருவரும் நோவை வாய்க்குள் பூட்டிக்கொண்டு என்னைத் தாண்டிப் போகமாட்டார்கள். எங்கள் ஆஸ்பத்திரிக்கு வருகிற ஒவ்வொரு புது டொக்டருக்கும் இந்த ஊசியைப் பழக்குவேன், ஒவ்வொரு புது மிஸ்ஸுக்கும் அந்தக் கேள்வியைக் கேட்கப் பழக்குவேன். எவ்வளவு பெரிய அன்புக்காக மறைத்தாலும், பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, அவர்கள் வாயைத் திறந்து "ஐயோ" என்று சொல்லும்வரைக்கும் எழும்பமாட்டேன். உங்களிடம் செய்திருக்கவேண்டியதை இனி எல்லாரிடமும் செய்வேன்.

உங்கள் சொல்லை ஒருதரம் நம்பிவிட்ட,
உங்கள் மருமகள்,
செல்வி